காலிக் கட்டங்களில் நான் போட்ட டிக்

நான் வேலை பார்த்த கம்பெனியின் முதலுதவி அறையில் இப்போது இருக்கும் நர்ஸ் போன மாதம் போன் செய்தாள். சின்னப் பெண், நல்ல பெண். "மேடம், ஆன்டிபயாடிக் விழிப்புணர்வு வாரம் கொண்டாடறோம். நீங்க இத்தன வருசம் இங்க இருந்திருக்கீங்க. நம்ம கம்பெனி பத்திரிகைக்கு உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நல்ல விசயமா" என்றாள். கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். மேலே இருப்பவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். "உங்க ரெண்டு நாள் முறையத்தான் இப்பவும் ஃபாலோ பண்றோம் மேடம். இப்ப கம்ப்யூட்டர்லயே போட்டாச்சு. ரெண்டு நாளைக்கு மேல மாத்திரை குடுக்கப் போனா அது விடாது."

முதல் வேலையாக அதை எடுத்துவிடச் சொன்னேன். "அதுக்கு ஐ.டி. ஆளுங்ககிட்ட ரிக்வெஸ்ட் போடணும் மேடம்" என்றாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். சொன்னபடி எழுதியும் விட்டேன். ஆனால் இது அவர்கள் பத்திரிகைக்கு ஆகாது.

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம். சேலத்தில் நர்சிங் படித்தேன், இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளில் முதுகு ஒடிய வேலை செய்தேன், கல்யாணம் ஆகி ஓசூர் வந்தேன். படிப்புக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர் செட் கட்டும் ஒரு கம்பெனியில் சிஸ்டராகச் சேர்ந்தேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன். கட்டும் வேலை முழுக்கப் பெண்கள்தான். பாதிப் பேர் பர்கூர், சூளகிரிப் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். மீதிப் பேர் தெற்கே இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பார்கள். காய்ச்சல், தலைவலி, விரலில் வெட்டு என்று எது வந்தாலும் என்னிடம்தான் வர வேண்டும்.

முதல் பல வருடங்கள் எங்களுக்கு டாக்டராக இருந்தவர் மூர்த்தி. ஆனேக்கல் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். தமிழ் நன்றாகவே பேசுவார், கோபம் வந்தால் மட்டும் பாதி கன்னடமாகிவிடும். கோபம் அடிக்கடி வரும். காலை பத்து மணிக்கு வந்ததும் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார். நேராக வாஷ்பேசினுக்குப் போய் நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு என்று நிதானமாகக் கை கழுவுவார். ஒரு தடவை பர்ச்சேஸ்காரர்கள் கிருமியைக் கொல்லும் சோப்பு என்று பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். "சாதா சோப்பு சாக்கு, அது போதும் சிஸ்டரம்மா. எவ்ளோ நேரம் தேய்க்கிறோம்ங்கிறதுதான் முக்கியம். சோப்பு என்ன விளம்பரத்துல வருதுங்கிறது இல்ல" என்றார்.

சளியோடு வருகிறவர்கள் அவரிடம் படாத பாடு படுவார்கள். ஸ்டோர்ஸில் இருந்த ஒருவர் ஒரு நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றார். "சார், நாளைக்கு நைட் ஷிஃப்ட் இருக்குது. பவரா ஒண்ணு போட்டு வுடுங்க சார்" என்றார். எங்கள் பக்கத்தில் ஆன்டிபயாடிக்குக்குப் பேரே பவர் மாத்திரைதான்.

"பவர் வேணும்னா ராகிக் களி சாப்பிடு. இது வைரஸ் சளி. இதுக்கு ஆன்டிபயாடிக் பேடா, வேணாம்."

"மெடிக்கல்ல கேட்டா குடுத்துருவாங்களே சார்."

"குடுப்பான். அவன் கடை, அவன் வியாபாரம். உன் வயிறு யாரோடது?"

மாத்திரை தேவை என்று அவரே முடிவு செய்துவிட்டால் கதை வேறு. முன்பு எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது, பெண்ணாக இருந்தால் நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்பார். நேற்று வந்தவளே இன்று திரும்ப வந்தாலும் எல்லாவற்றையும் மறுபடி கேட்பார். முழுக் கோர்ஸையும் எண்ணிக் காகித உறையில் போட்டு, மேலே சிவப்புப் பேனாவால் "வியாழன் ராத்திரியோடு முடியும்" என்று எழுதுவார். "சொல்லு, என்னிக்கி முடியும்?" என்பார். திருப்பிச் சொல்லாமல் அறையை விட்டு நகர முடியாது. நீர்க்கடுப்பு என்று வந்தால் முதலில் பாட்டில், அப்புறம்தான் மாத்திரை. சிறுநீரை கல்ச்சருக்கு அனுப்பிவிட்டுத்தான் மருந்தில் கை வைப்பார். உள்ளே இருக்கும் கிருமி எந்த மருந்துக்குச் சாகும் என்று அந்தச் சோதனை சொல்லும். எனக்கு அப்போது அவரைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆளுக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார், வாசலில் கூட்டம் நிற்கும், திட்டு எனக்கு விழும்.

ஒரு நாள் ஹாஸ்டலில் யாருக்கோ அம்மை என்று பார்க்கப் போனேன். அலமாரி மேல் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே முழுக்க மாத்திரைகள். மூர்த்தி டாக்டர் சிவப்பு மையால் எழுதிய உறைகளே ஐந்தாறு இருந்தன. மூன்றாம் நாள் உடம்பு தேவலை என்றதும் மிச்சத்தை இந்த டப்பாவில் போட்டுவிடுவார்களாம். அடுத்து யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கலரைப் பார்த்து ஒன்றை எடுத்து விழுங்குவார்களாம். "வேஸ்ட் பண்ணக் கூடாதுல்ல சிஸ்டர்" என்றாள் ஒருத்தி, ஏதோ சோற்றை வீணாக்காத பெருமையோடு.

எனக்குத் தலையில் ஒரு யோசனை உதித்தது. ஐந்து நாள் மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பதால்தானே மிச்சம் பிடிக்கிறார்கள்? இரண்டு நாளைக்கு மட்டும் கொடுப்போம், காலி அட்டையைக் காட்டி அடுத்த இரண்டு நாளைக்கு வாங்கிக்கொள்ளட்டும், பிறகு கடைசி நாளுக்கு. ரெஜிஸ்டரில் ஒவ்வொரு பேருக்கும் நேராக மூன்று கட்டம் போட்டேன். வாங்க வாங்க டிக். மூன்று டிக் விழுந்தால் கோர்ஸ் முடிந்தது என்று அர்த்தம்.

டாக்டர் கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல யோசனைதான். ஆனா அவங்க வரலன்னா என்ன பண்ணுவே?" என்றார்.

"வருவாங்க சார்."

"வரமாட்டாங்க. வரலன்னா நீ போகணும். போறியா?"

போனேன். தினமும் டீ நேரத்தில் தட்டில் உறைகளை அடுக்கிக்கொண்டு லைன் லைனாக நடப்பேன். "மாத்திரை வருதுடி" என்று கிண்டல் செய்வார்கள். என் எதிரிலேயே விழுங்க வைத்துவிட்டு வருவேன். அவர் இருந்தவரை அந்த முறை வேலை செய்தது. ஹாஸ்டல் டப்பாவும் காலியானது.

பிறகு மூர்த்தி டாக்டரை அனுப்பிவிட்டார்கள். ரெஸ்ட் ஸ்லிப் நிறைய எழுதுகிறார், உற்பத்தி பாதிக்கிறது என்று பேச்சு. அடுத்து வந்த டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் வருவார், மற்ற நாட்களில் போனில். "நீர்க்கடுப்பா? போன தடவை குடுத்ததையே குடுங்க சிஸ்டர்" என்பார். கல்ச்சர் நின்றது. பாட்டில்கள் அலமாரியில் தூசி படிந்தன.

கூடவே மஞ்சள் அட்டை வந்தது. ஒரு லைனில் நாற்பது பெண்கள். அவர்களுக்கு ஒரே ஒரு மஞ்சள் அட்டை, லைன் தலைமாட்டில் ஆணியில் தொங்கும். வெளியே போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வரும்வரை வேறு யாரும் எழுந்திருக்கக் கூடாது. பாத்ரூமுக்கும் அதே அட்டை, என் அறைக்கும் அதே அட்டை. என் அறையோ ஆலையின் அந்தக் கோடி. பெண்கள் அட்டையோடு சண்டை போட முடியாமல், தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். காலை ஆறு மணிக்கு வந்தவள் மதியம் வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? நான் லைனுக்குத் தட்டோடு போவதையும் நிறுத்தினார்கள். "நீ உள்ள வந்தா எல்லாரும் உன்ன சுத்திக்கினு நிக்கறாளுங்க, வேலை கெடுது சிஸ்டர்" என்றார் லைன் லீடர்.

முதல் கட்டத்தில் டிக் விழும். இரண்டாவதும் மூன்றாவதும் காலி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மொத்தமாகக் கொடுத்திருந்தால் பாதிப் பேராவது முழுக்கச் சாப்பிட்டிருப்பார்கள். என் முறையில் இரண்டு நாளுக்கு மேல் யாருமே சாப்பிடவில்லை. எல்லாருக்கும் அரைகுறை மருந்து, அதுவும் ஒரே மருந்து, திரும்பத் திரும்ப. நான் அப்போதே பழைய வழக்கத்துக்குப் போயிருக்கலாம். முறைக்கு என் பெயர் வைத்து ஒரு கூட்டத்தில் கைதட்டியிருந்தார்கள். அதை விட மனம் வரவில்லை.

ஒரு சமயம் வெளியிலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. எச்.ஆர். அதிகாரி சுந்தர் என் ரெஜிஸ்டரைப் புரட்டினார். "என்ன சிஸ்டர், கட்டமெல்லாம் காலியா இருக்கு? மருந்து குடுக்கலன்னு ஆயிடும். உங்க மேலதான் வரும்" என்றார்.

"அவங்க வரல சார். அட்டை கெடைக்கல."

"அதையெல்லாம் கட்டத்துல எழுத முடியுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து காலிக் கட்டங்களை நிரப்பினேன். ஒரே மையாகத் தெரியக் கூடாது என்று மூன்று பேனாக்களை மாற்றி மாற்றிப் போட்டேன். யாரும் எனக்கு அந்தத் தந்திரத்தைச் சொல்லித் தரவில்லை. அதற்குப் பிறகு மாதாமாதம் கடைசி நாள் அதுவே வேலையாகிவிட்டது.

முத்துமாரி கமுதிப் பக்கத்துப் பெண். பயிற்சியில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நிரந்தரம் ஆக வேண்டும் என்றால் ஒரு நாள்கூட மட்டம் போடக் கூடாது. அப்பா இல்லை, அம்மா கரிமூட்டத்துக்கு விறகு வெட்டப் போகிறவர். முதல் தடவை என் அறைக்கு வந்தபோது வயிற்று வலி என்றாள். கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தாள். "ஒண்ணுக்குப் போனா எரியுது சிஸ்டர். சூடுன்னு எளநி குடிச்சேன், கேக்கல."

போனில் டாக்டர் சொன்னதைக் கொடுத்தேன். இரண்டு நாளைக்கு. எரிச்சல் நின்றது, அவள் திரும்ப வரவில்லை. ஒன்றரை மாதத்தில் மறுபடி வந்தாள். மறுபடி இரண்டு நாள். மொத்தம் ஐந்து தடவை. "மிச்சத்த வாங்கிக்க வாடி" என்று நான் சொல்லாமல் இல்லை. "அட்டை கெடச்சா வாரேன் சிஸ்டர்" என்பாள். ஐந்து தடவையும் காலியாக இருந்த பத்துக் கட்டங்களில் நான் டிக் போட்டேன்.

ஆறாவது தடவை அவளாக வரவில்லை. இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு தூக்கிப் போட்டது, பல் கிட்டியது, இடுப்புக்கு மேல் விலாவில் கை வைக்க விடவில்லை. ரத்த அழுத்தம் விழுந்திருந்தது. ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். பெங்களூர் போகும் வழியில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் வண்டிகள் நகராமல் நின்றபோது, "சிஸ்டர், இன்னிக்கி லீவு போட்டுருவாகளா?" என்று கேட்டாள். போட மாட்டார்கள் என்று பொய் சொன்னேன்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். "அஞ்சு தடவையும் முழுக் கோர்ஸ் சாப்பிட்டாங்களா?"

"ரெஜிஸ்டர்ல அப்படித்தான் சார் இருக்கு."

"கல்ச்சர் ஒரு தடவையாவது எடுத்தீங்களா?"

"இல்ல சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. வரிசையாக மருந்துகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக கிருமி அதற்குச் சாகுமா சாகாதா என்று ஒரு எழுத்து. சாகாது, சாகாது, சாகாது என்று கீழே வரை இறங்கியது. நான் ஐந்து தடவை கொடுத்த மாத்திரை அதில் மூன்றாவது வரி. சாகும் என்று இருந்தவை இரண்டே இரண்டு, இரண்டும் ஊசி. அதை வைத்துத்தான் அவளை மீட்டார்கள். உயிர் தங்கியது. இடது சிறுநீரகத்தை மட்டும் அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று.

அவளைக் கம்பெனிக்குக் கணக்கு முடிக்க வரச் சொன்ன நாளில் அவள் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். எண்ணெய் காணாத தலை, கையில் ஒரு மஞ்சள் பை. சுந்தர் என்னையும் ரெஜிஸ்டரையும் வரவழைத்தார். "எம்மகளப் பெத்த மக மாதிரி பாத்துக்கிருவோம்னு சொன்னீகளே அய்யா" என்று அந்த அம்மா ஆரம்பித்ததும் ரெஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பினார்.

"பாருங்கம்மா. அஞ்சு தடவ. ஒவ்வொரு தடவையும் முழு மருந்து. ஒரு கட்டம்கூட காலி இல்ல. கம்பெனி என்ன செய்யணுமோ செஞ்சிருக்கு. மருந்து முழுசா போயும் திரும்பத் திரும்ப வருதுன்னா என்ன அர்த்தம்? பொண்ணு சுத்தமா இருக்கணும்மா. நாங்க அதச் சொல்லித் தர முடியுமா?"

அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கட்டங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்படியா தாயி?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. மாத்திரை முழுக்கப் போகவில்லை, டிக் எல்லாம் என் கை, உன் மகள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. மூன்று பேனாக்களும் என் மேசை டிராயரில் இருந்தன. நான் தலையை ஆட்டினேன்.

முத்துமாரி என்னைப் பார்த்தாள். தான் ஐந்து தடவையும் இரண்டு நாள் மாத்திரைதான் வாங்கினோம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ரெஜிஸ்டர், அதிகாரி, சிஸ்டர் எல்லாரும் ஒன்று சொல்லும்போது இருபது வயதுப் பெண் என்ன பேசுவாள்? "சிஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்றாள். அவள் அம்மா அத்தனை பேர் முன்னால், "ஒன்னைய இப்புடியா வளத்தேன்?" என்று மகள் முதுகில் அடித்தார். தையல் போட்ட பக்கம் அது. நான் தடுத்தேன். அதற்கு மட்டும் எனக்குத் துணிச்சல் இருந்தது.

அடுத்த வாரம் பெண்கள் பாத்ரூமில் "சுத்தமாக இருங்கள்" என்று போர்டு மாட்டி, கிருமிநாசினி பாட்டில்களை வரிசையாக வைத்தார்கள். தரை துடைக்கவும், காயம் கழுவவும் கலந்து பயன்படுத்துகிற சரக்கு அது. பெண்கள் வெட்கத்தில் அதை உடம்பிலேயே ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார்கள். இருக்கிற நல்ல கிருமியும் செத்து, புண்ணாகி, முன்னைவிட அதிகமாக என்னிடம் வந்தார்கள். வெறும் தண்ணீர் போதும், நிறையக் குடியுங்கள், போக வேண்டும் என்றால் அடக்காதீர்கள் என்று ஒவ்வொருத்திக்கும் சொன்னேன். ஆணியில் அதே ஒற்றை மஞ்சள் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து எனக்குச் சால்வை போர்த்தி அனுப்பினார்கள். சுந்தர்தான் போர்த்தினார்.

முத்துமாரிக்குப் பிறகு கல்யாணம் ஆனது, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு வாழ்த்து அனுப்புவாள். நானும் பதிலுக்கு ஒரு கரும்புப் படம் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். போன வாரம் அவளே வீடியோவில் கூப்பிட்டாள். "சிஸ்டர், பாப்பாவுக்கு ஒடம்பெல்லாம் தோலு உரியுது. என்ன மருந்து போடலாம்?" என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு வயது. தொடையிடுக்கும் வயிறும் வெந்தது போலச் சிவந்து கிடந்தன. பின்னால் குளியல் வாளி, பக்கத்தில் கிருமிநாசினி பாட்டில்.

"அத எதுக்குடி ஊத்தற?"

"குளிப்பாட்ட சிஸ்டர். ரெண்டு வேளையும் மூணு மூடி. துணி அலசவும் அதுதான்."

"பச்சக் கொழந்தைக்கா? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. என்னையத்தான் சுத்தம் இல்லாதவன்னு எல்லாரும் சொல்லிட்டாக. எம்புள்ளைய ஒருத்தரும் அப்புடிச் சொல்லிரக் கூடாதுல்ல."

பாட்டிலை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். குழந்தைக்கு வெறும் தண்ணீரும் சாதாரண சோப்பும் போதும், இன்றே டாக்டரிடம் காட்டு, கடையில் கேட்டு எதையும் பூசாதே என்றேன். அதோடு முடித்திருக்கலாம். குழந்தை அந்தச் சிவந்த தொடையைச் சொறிந்துகொண்டே இருந்தது. சொன்னேன். நீ சுத்தமாகத்தான் இருந்தாய், அந்தக் கட்டங்களில் டிக் போட்டது நான், மருந்து உனக்கு ஒரு தடவைகூட முழுதாகப் போகவில்லை, உன் அம்மா கேட்டபோது தெரிந்தே தலையாட்டினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையின் கையைப் பிடித்துச் சொறிய விடாமல் வைத்துக்கொண்டாள்.

"இத எங்கம்மாகிட்டச் சொல்லிருக்கலாம்ல சிஸ்டர்" என்றாள். "போன ஆடியிலதான் போனாக. கடைசி வரைக்கும் நான் ஆக்குன சோத்த அவுக தொடல."